கதவுக்கு வெளியே போவதெல்லாம்: வீவக வீட்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

சிங்கப்பூரில் நான் குடியேறிய முதல் வீடு ஏழாவது மாடியில் இருந்தது. வந்த முதல் வெள்ளிக்கிழமையே, ஊரில் செய்வதைப் போல வாசலைக் கழுவிக் கோலம் போடலாம் என்று ஒரு வாளித் தண்ணீரைத் தாழ்வாரத்தில் ஊற்றினேன். தண்ணீர் எங்கள் வாசலோடு நிற்கவில்லை. பக்கத்து வீட்டு மிதியடியை நனைத்துவிட்டு, அதற்கடுத்த வீட்டுக் காலணி அடுக்கின் கீழே புகுந்தது. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி வெளியே வந்து பார்த்தார். திட்டவில்லை. மிதியடியைத் தூக்கிப் பிழிந்தார். உள்ளே போய்த் தரை துடைக்கும் மாப்பைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுக்குமாடியில் வாழ்வதைப் பற்றி நான் கற்ற முதல் பாடம் அந்த மாப்தான். இங்கே உங்கள் வீட்டிலிருந்து வெளியேறும் ஒவ்வொன்றும், அது குப்பையோ தண்ணீரோ சத்தமோ தாளிக்கும் புகையோ, வேறொருவர் வீட்டை உரசிக்கொண்டுதான் போகிறது. ஆகவே இந்த வழிகாட்டியை அறை அறையாக எழுதாமல், வீட்டைவிட்டு வெளியே போகும் பொருள்களின் பின்னாலேயே நடந்து எழுதியிருக்கிறேன். சொந்தமாக வாங்கியவர்களுக்கும் வாடகைக்கு வந்தவர்களுக்கும் இது பொருந்தும்.

முதல் வேலை: எது யார் பொறுப்பு என்று தெரிந்துகொள்வது

1960இல் தொடங்கப்பட்ட வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்தான் வீடுகளைக் கட்டுகிறது, விற்கிறது, புதுப்பிப்புப் பணிக்கு அனுமதி தருகிறது. ஆனால் புளோக்கை (அடுக்குமாடிக் கட்டடத்தை) தினமும் கூட்டுவது வீவக அல்ல. தாழ்வாரம், மின்தூக்கி, படிக்கட்டு, கீழ்த்தளம், அங்கே எரியும் விளக்கு ஆகியவை நகர மன்றத்தின் பொறுப்பு. மாதந்தோறும் வசூலிக்கப்படும் சேவை, பராமரிப்புக் கட்டணத்தில் இந்த வேலைகள் நடக்கின்றன. குப்பை போடுதல், புகைபிடித்தல், கொசு ஆகியவற்றுக்கான சட்டங்களைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் கவனிக்கிறது. தீப்பாதுகாப்பு குடிமைத் தற்காப்புப் படையிடம் இருக்கிறது. இத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒன்சர்விஸ் செயலியைக் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். உடைந்த விளக்கையோ வழிந்து கிடக்கும் குப்பைத் தொட்டியையோ படமெடுத்து அதில் அனுப்பினால், உரிய அமைப்புக்கு அதுவே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

வாடகைக்கு வந்தவர்கள் ஒன்றைக் கையெழுத்திடும் முன்பே கேட்டுவிடுங்கள்: பராமரிப்புக் கட்டணத்தை யார் கட்டுவது, குளியலறையில் கசிவு வந்தால் யாரைக் கூப்பிடுவது. உரிமையாளர் தயங்கினால் அந்தத் தயக்கமே ஒரு பதில்தான்.

"கட்டணம் கட்டுகிறோம், துப்புரவாளர் வருகிறார், பிறகென்ன" என்று நினைப்பவர்கள் உண்டு. நானும் நினைத்திருக்கிறேன். 2021இல் ஒரு நாள் நகர மன்றங்கள் பொது இடங்களைக் கூட்டுவதை நிறுத்தி வைத்தன. எஸ்ஜி தூய்மை நாள் என்று அதற்குப் பெயர். எங்கள் புளோக்கின் கீழ்த்தளம் அன்று மாலை எப்படி இருந்தது என்பதைப் பார்த்த பிறகு, விடியற்காலையில் வந்து வேலையை முடித்துவிட்டுப் போகிறவரின் பெயரையாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. தெரிந்துகொண்டேன். நீங்களும் கேட்டு வையுங்கள்.

முதல் வாரம்: நான்கு கதவுகள்

இடது, வலது, மேல், கீழ். இந்த நான்கு வீடுகளுக்கும் முதல் வாரத்திலேயே போய் ஒரு வணக்கம் சொல்லிவிடுங்கள். பலர் இடதையும் வலதையும் பார்த்துவிட்டு மேலையும் கீழையும் விட்டுவிடுவார்கள். சண்டை வருவது பெரும்பாலும் மேலிருந்தும் கீழிருந்தும்தான். சத்தமும் தண்ணீரும் அந்தத் திசையில்தான் பயணம் செய்கின்றன.

என்ன சொல்வது? பெயர், வீட்டு எண், வீட்டில் எத்தனை பேர், சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்பது. "சத்தம் அதிகமாக இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், இது என் எண்" என்று கைப்பேசி எண்ணையும் கொடுத்துவிடுங்கள். மூத்தவர்களை அங்கிள், ஆன்ட்டி என்று அழைத்தால் போதும். மலாய் மூதாட்டியை மக்சிக் என்று அழைத்தால் இன்னும் மகிழ்வார்கள். கையில் ஏதாவது கொண்டுபோக விரும்பினால் பழங்கள் உத்தமம். மலாய் முஸ்லிம் வீட்டுக்கு உணவு கொடுப்பதென்றால் ஹலால் முத்திரை உள்ள பொட்டலமாகப் பார்த்து வாங்குங்கள்.

1989இல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்புக்கு வந்ததிலிருந்து ஒவ்வொரு புளோக்கிலும் எல்லா இனத்தவரும் கலந்து வாழும்படி விகிதம் பார்த்தே வீடுகள் போகின்றன. எனவே உங்கள் நான்கு கதவுகளுக்குப் பின்னால் நான்கு விதமான பண்டிகையும் நான்கு விதமான சமையலும் இருக்க வாய்ப்புண்டு. அதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்வது, சீனர்களின் ஏழாம் மாதத்தில் முன்னோருக்காகக் கீழே காகிதம் எரிக்கும்போது முகம் சுளிக்காமல் இருக்க உதவும்.

புதுப்பிப்புப் பணி செய்பவர்களுக்கு இந்த நான்கு கதவுகள் கட்டாயம். உடைப்பது, துளையிடுவது போன்ற பெரும் சத்தம் எழுப்பும் வேலைகள் வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான். சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளில் கூடாது. பணியை எடுத்துச் செய்யும் குத்தகையாளர் வீவகவின் பட்டியலில் உள்ளவராக இருக்க வேண்டும். அறிவிப்புத் தாளை அவரே ஒட்டிவிடுவார். ஆனால் ஒட்டிய தாளைப் பார்த்து யாரும் சமாதானம் ஆனதில்லை. எந்த நாள்களில் உடைப்பு என்று நீங்களே போய்ச் சொல்லுங்கள். இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்கும் தாதியோ, புதிதாகப் பிறந்த குழந்தையோ அந்த வீட்டில் இருந்தால், அன்று ஒரு நாள் வேறெங்காவது போக அவர்கள் ஏற்பாடு செய்துகொள்வார்கள். வந்த புதிதிலேயே குளியலறை ஓடுகளை மாற்ற நினைக்கும் புத்தம்புது வீட்டுக்காரர்களுக்கு ஒரு செய்தி: முதல் 3 ஆண்டுகளுக்கு அவற்றைத் தொட அனுமதி இல்லை. நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு சிதைந்துவிடும் என்பதே காரணம்.

குப்பை போகும் பாதை

மாடிகளிலிருந்து குப்பை கீழே விழும் குழாயின் வாய் பழைய புளோக்குகளில் சமையலறைக்குள்ளேயே இருக்கும். 1989க்குப் பிறகு வடிவமைக்கப்பட்ட புளோக்குகளில் ஒவ்வொரு மாடியிலும் மின்தூக்கி அருகே பொதுவான வாய் இருக்கும். எதுவானாலும் விதி ஒன்றே: பையில் போட்டு, வாயை இறுகக் கட்டி, குழாயின் அகலத்துக்கு அடங்கும் அளவில் போடுங்கள். கட்டாத பை குழாயின் சுவரெல்லாம் சாம்பாரைப் பூசிக்கொண்டுதான் கீழே போகும். கரப்பான்பூச்சி அந்தப் பாதையிலேயே ஏறி வந்து, குழாயின் வாய் எந்த வீட்டில் திறக்கிறதோ அங்கே இறங்கும். உங்கள் வீட்டில் இறங்காது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

பீட்சா பெட்டி, சுருட்டிய பாய், குடை, துணி மாட்டி ஆகிய நான்கும் குழாயை அடைப்பதில் வல்லவை. அடைப்பு உங்கள் மாடிக்குக் கீழே விழுந்தால், அதற்கு மேலே உள்ள எல்லா வீட்டுக் குப்பையும் அங்கேயே தேங்கும். அணையாத சிகரெட் துண்டு, சாமி அறைத் தூபக்காலின் கங்கு, கரி ஆகியவற்றைப் போட்டால் குழாய்க்குள் தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றி, ஆறிய பிறகு போடுங்கள். உடைந்த கண்ணாடியைச் செய்தித்தாளில் தடிமனாகச் சுற்றுங்கள். கீழே அதை அள்ளுவது ஒரு மனிதக் கை. பொரித்த எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாமல், பழைய தாளில் உறிஞ்சவிட்டுப் பையில் கட்டுங்கள். உங்கள் தொட்டியில் ஊற்றும் எண்ணெய் உறைவது கீழ் வீட்டைக் கடந்து செல்லும் குழாயில்.

மெத்தை, அலமாரி போன்றவற்றைக் கீழ்த்தளத்திலோ மின்தூக்கி வாசலிலோ "யாராவது எடுத்துக்கொள்ளட்டும்" என்று வைத்துவிட்டு வருவது நல்லெண்ணம் போலத் தோன்றும். யாரும் எடுப்பதில்லை. மூட்டைப்பூச்சி வந்த மெத்தையா என்பது எடுப்பவருக்குத் தெரியாது. நகர மன்றத்துக்குத் தொலைபேசியில் சொன்னால் நாள் குறித்து வந்து எடுத்துப்போவார்கள். பல நகர மன்றங்கள் மாதத்துக்குச் சில பொருள்கள் வரை இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. புளோக் அறிவிப்புப் பலகையில் எண் இருக்கும்.

மறுசுழற்சிக்கு நீலத் தொட்டி ஒவ்வொரு புளோக்கின் அருகிலும் உண்டு. 2014 முதல் திட்டமிடப்பட்ட புதிய புளோக்குகளில் மறுசுழற்சிக்கென்று தனிக் குழாயே இருக்கிறது. தாள், பிளாஸ்டிக், உலோகம், கண்ணாடி எல்லாவற்றையும் ஒன்றாகவே போடலாம், பிரிக்க வேண்டியதில்லை. ஆனால் மிச்சக் குழம்போடு ஒரு டப்பா விழுந்தால் கூட இருக்கும் தாளெல்லாம் பாழ். நீலத் தொட்டிகளில் சேர்வதில் ஏறத்தாழ 40 விழுக்காடு இப்படித்தான் கெட்டுப்போகிறது. ஒரு முறை அலசிவிட்டுப் போடுங்கள். எண்ணெய் படிந்த உணவுத் தாள், பயன்படுத்திய மெல்லிழைத் தாள், பழந்துணி ஆகியவை அங்கே போகக் கூடாது. நாட்டுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே குப்பை நிலம் செமாக்காவ். 2035 வாக்கில் அது நிரம்பிவிடும் என்பது கணக்கு.

மேலிருந்து விழுபவை

இதில் சமாதானத்துக்கு இடமே இல்லை. பன்னிரண்டாவது மாடியிலிருந்து விழும் பூந்தொட்டி ஒரு உயிரை எடுக்கப் போதும். அதனால் சட்டமும் கடுமையாகவே இருக்கிறது. 2012 முதல் சுற்றுப்புற வாரியம் புகார் வந்த இடங்களில் கேமராக்களைப் பொருத்துகிறது. 2023 ஜூலை 1 முதல், ஒரு வீட்டிலிருந்து குப்பை வீசப்பட்டதற்குச் சான்று இருந்தால், அந்த வீட்டின் உரிமையாளரோ வாடகைக்காரரோதான் வீசினார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். தாம் இல்லை என்பதை அவர்தான் 14 நாள்களுக்குள் காட்ட வேண்டும். முதல் குற்றத்துக்கு நீதிமன்றத்தில் 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் விழலாம். வீட்டில் அறைகளை வாடகைக்கு விட்டிருப்பவர்கள், ஜன்னலோரம் புகைபிடிக்கும் விருந்தினர் உள்ளவர்கள் எல்லாரும் இதை ஒரு முறை உரக்கப் படித்துவிடுவது நல்லது. உயிருக்கு ஆபத்தான பொருளை வீசினால் வீவக வீட்டையே திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

வேண்டுமென்று வீசுபவர்கள் குறைவுதான். தவறி விழுபவையே அதிகம். ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் கழியைக் குழியில் செருகும்போது நன்றாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு முறை அசைத்துப் பாருங்கள். ஈரப் போர்வையின் எடை உலர்ந்த போர்வையைப் போல இருக்காது. ஜன்னல் விளிம்பிலும் தாழ்வாரத் தடுப்புச் சுவரின் மேலும் எதையும் வைக்காதீர்கள், துளசி மாடமானாலும் சரி. வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னலாக இருந்தால் அதன் அலுமினிய ஆணிகளைத் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளாக மாற்றியிருக்க வேண்டும் என்பது 2004 முதல் விதி. பழைய வீட்டை வாங்கியிருந்தால் அதை முதல் மாதத்திலேயே சோதித்துவிடுங்கள்.

ஊர்ப் பழக்கம் ஒன்றைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அமாவாசையன்று காகத்துக்குச் சோறு வைப்பது. ஜன்னல் விளிம்பில் வைத்த சோற்றுக்கு முதலில் வருவது புறா. பருக்கைகள் கீழ் வீட்டுத் துணியில், எச்சமும் அதே துணியில். வனவிலங்குச் சட்டத்தின்கீழ்ப் புறா உள்ளிட்ட பறவைகளுக்குத் தீனி போடுவது குற்றம். முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். என் மாமியார் இதை ஏற்றுக்கொள்ள மூன்று அமாவாசை ஆயிற்று. இப்போது அன்றைக்கு வீட்டிலேயே படைத்துவிட்டு, யாருக்காவது ஒரு வேளை சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிடுகிறார்.

தண்ணீர்

தாழ்வாரத்தைக் கழுவக் கூடாது என்பதை என் செலவில் நீங்கள் கற்றுக்கொண்டுவிட்டீர்கள். ஈரத்துணியால் துடைத்தால் போதும். வழுக்கி விழும் முதியவர்கள் எல்லா மாடியிலும் இருக்கிறார்கள். துணியை வெளியே போடும் முன் நன்றாகப் பிழியுங்கள். கீழ் வீட்டில் காய்ந்து முடிந்த துணி உங்கள் சொட்டில் மறுபடி நனைந்தால், அதைப் பற்றிய புகார் உங்களிடம் வராது. நேராக நகர மன்றத்துக்குத்தான் போகும்.

தேங்கிய தண்ணீர் வேறு கதை. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை, சுத்தமான தண்ணீர் தேங்கிய வீட்டையே தேடுகிறது. 20 காசு நாணயம் அளவுத் தண்ணீர் அதற்குப் போதும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும் என்பதால், வாரத்துக்கு ஒரு நாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள். எனக்கு அது சனிக்கிழமை. செடித்தொட்டியின் அடித்தட்டு, குளியலறை வாளி, பாத்திரம் வடியும் தட்டு, சாமி படத்துக்கு முன்னால் உள்ள பூச்சொம்பு ஆகியவற்றைக் கவிழ்த்துத் தேய்த்துவிடுங்கள். தேய்ப்பது முக்கியம், முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும். துணிக் கழி செருகும் குழாயை, கழி இல்லாதபோது மூடி போட்டு வையுங்கள். பலருக்கும் தெரியாத இடம் இதுதான். ஊருக்குப் போகும் மாதத்தில் கழிவறைக் கோப்பையையும் மூடிவிடுங்கள். சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே விடுங்கள். பக்கத்து வீட்டுக் கொசு உங்கள் பிள்ளையையும் கடிக்கும்.

இனி, கூரைக் கசிவு. புதிதாக வந்தவர்களை இதைப் போலக் குழப்புவது வேறொன்றும் இல்லை. ஒரு நாள் குளியலறையில் தலைக்கு மேல் ஈரத் திட்டு தெரிகிறது. உடனே தோன்றுவது: மேல் வீட்டுக்காரர் ஏதோ தவறு செய்துவிட்டார், அவர்தான் பணம் கட்ட வேண்டும். மேல் வீட்டுக்காரருக்குத் தோன்றுவது: என் தரை காய்ந்துதான் இருக்கிறது, உன் கூரை உன் பாடு. இரண்டுமே தவறு. உங்கள் கூரையும் அவர் தரையும் ஒரே கான்கிரீட் பலகை. அதில் கசிவு வந்தால் இரு வீட்டாருக்கும் சேர்ந்தே பொறுப்பு என்பதுதான் வீவகவின் நிலை. பெரும்பாலும் யாருடைய தவறாகவும் இருக்காது. ஆண்டுக்கணக்கில் தண்ணீர் விழுந்து, ஓட்டுக்குக் கீழே உள்ள காரையும் நீர்த்தடுப்புப் படலமும் தேய்ந்து போயிருக்கும்.

செய்ய வேண்டிய வரிசை இது. ஈரத் திட்டைத் தேதி தெரியும்படி படமெடுங்கள். மேல் வீட்டுக்குப் போங்கள், படத்தைக் காட்டுங்கள், அவரைக் கீழே அழைத்து வந்து நேரில் காட்டினால் இன்னும் நல்லது. குற்றம் சாட்டும் தொனி வேண்டாம்; "நம் பலகையில் கசிவு" என்று பேசுங்கள். ஓடுகளின் இடைவெளியில் உள்ள பூச்சு உதிர்ந்திருந்தால், அதை மறுபடி பூசினாலே சில வேளைகளில் நின்றுவிடும். நிற்காவிட்டால் இருவரும் சேர்ந்து வீவக கிளை அலுவலகத்தை அணுகுங்கள். நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தில் சேர்ந்தால் செலவில் பாதியை வீவக ஏற்கிறது. மீதியில் மேல் வீடு கால், கீழ் வீடு கால். தரையை உடைத்துச் சரிசெய்யும் அந்தச் சில நாள்கள் மேல் வீட்டார் குளிக்க இடமின்றித் தவிப்பார்கள். உங்கள் குளியலறையைப் பயன்படுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கள் மேல் வீட்டார் அப்படி நான்கு நாள் வந்து போனார்கள். பிறகு ஆறு ஆண்டுகள் ஒரு சத்தத்துக்கும் எங்களுக்குள் மனத்தாங்கல் வந்ததில்லை.

நீங்கள் மேல் வீட்டுக்காரராக இருந்து, கீழ் வீட்டார் வந்து கதவைத் தட்டினால், "பிறகு பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கசிவு காத்திருக்காது. ஒரே பலகைதான் என்பதை அவர்களுக்கும் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

தாழ்வாரம்

தாழ்வாரம் வீட்டின் நீட்சி அல்ல, தீப்பிடித்தால் எல்லாரும் ஓடும் வழி. 1.2 மீட்டர் அகலம் எப்போதும் தடையின்றி இருக்க வேண்டும். தூக்குப்படுக்கையோடு இருவர் வர அந்த அளவு வேண்டும். காலணி அடுக்கு, செடி, சைக்கிள் எதுவானாலும் ஒரே பக்கமாக, அந்த அளவு போக மிச்சமிருந்தால் மட்டுமே. படிக்கட்டுத் திருப்பத்தில் எதுவும் வைக்கக் கூடாது. பழைய செய்தித்தாள் கட்டுகளும் அட்டைப்பெட்டிகளும் வாரக்கணக்கில் வெளியே கிடப்பது தீக்கு விருந்து. கோலம் போடலாம், அழியாத வண்ணச்சாயம் வேண்டாம், அடுத்த வீட்டு எல்லைக்குள்ளும் வேண்டாம். அகல் விளக்கை வைத்துவிட்டு உள்ளே போய்விடாதீர்கள்.

மின்சைக்கிளோ மின்ஸ்கூட்டரோ வைத்திருப்பவர்கள் இரவெல்லாம் மின்னூட்டம் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது, வாசற்கதவு அருகே வைத்து மின்னூட்டவும் கூடாது. மின்கலம் வெடித்தால் தப்பிக்கும் ஒரே வழியை அது அடைத்துவிடும். மின்ஸ்கூட்டருக்கு யூஎல்2272 என்ற தீப்பாதுகாப்புச் சான்று இல்லையென்றால் வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

சத்தம், மணம், புகை

வழக்கமாக இரவு 10.30 முதல் காலை 7 வரை அமைதி நேரம். 2022இல் அக்கம்பக்கச் சத்தம் குறித்து ஆராய்ந்த சமூக ஆலோசனைக் குழு அதை இரவு 10 முதல் காலை 8 வரை நீட்டிக்கப் பரிந்துரைத்தது. நான் இரண்டாவதைத்தான் கடைப்பிடிக்கிறேன். நம் வீடுகளில் பெரிய குற்றவாளி கிரைண்டர். இட்லி மாவை இரவு உணவுக்குப் பிறகுதான் அரைப்பது என்று பரம்பரையாக ஒரு வழக்கம். தரையில் நேரடியாக வைத்தால் கீழ் வீட்டில் அது லாரி ஓடுவதைப் போலக் கேட்கும். ஏழு மணிக்குள் அரைத்துவிடுங்கள், கனமான ரப்பர் விரிப்பின் மேல் வையுங்கள். நாற்காலிக் கால்களுக்கு உறை போடுங்கள். பிள்ளைகள் பந்து தட்டுவதைக் கீழே திடலில் தட்டட்டும்.

சத்தத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. தலைக்கு மேல் கோலிக்குண்டு உருள்வது போன்ற சத்தத்துக்கு மேல் வீட்டைக் குறை சொல்லும் முன், அந்த வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று பாருங்கள். சத்தம் கான்கிரீட் வழியே பக்கவாட்டிலும் பயணிக்கும். இரண்டு மாடி தள்ளியும் கேட்கும்.

மிளகாய் வறுக்கும்போது தாழ்வாரப் பக்கத்துக் கதவைச் சாத்தி, சமையலறை ஜன்னலைத் திறந்து வையுங்கள். தாழ்வாரம், படிக்கட்டு, கீழ்த்தளம், மின்தூக்கி ஆகியவற்றில் புகைபிடிக்கத் தடை உண்டு. சொந்த வீட்டின் ஜன்னலில் சட்டம் தடுக்கவில்லை என்றாலும் புகை மேல் வீட்டுத் தொட்டிலுக்குத்தான் போகும்.

மற்றவர்கள் எழுப்பும் சத்தத்தையும் நாம் கணக்கில் வைக்க வேண்டும். கீழ்த்தளத்தில் மலாய்த் திருமணம் என்றால் நாள் முழுவதும் இசை இருக்கும்; சீன இறுதிச் சடங்கு என்றால் சில இரவுகளுக்கு மந்திர ஒலி கேட்கும். நகர மன்றத்தின் அனுமதி பெற்றுத்தான் நடக்கும், சில நாளில் முடியும். ஏழாம் சீன மாதத்தில் காகிதம் எரிப்பதற்கென்று தனித் தொட்டிகள் உண்டு. அந்தப் பக்கம் துணி காயப்போடாமல் பார்த்துக்கொண்டால் போதும். தீபாவளிக்கு நீங்கள் மத்தாப்பு கொளுத்தும்போது, கம்பிகளை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மறுநாள் காலை பூங்காத் தரையில் கருகிய கம்பிகளைப் பொறுக்குபவரும் அந்தத் துப்புரவாளர்தான்.

வளர்ப்புப் பிராணிகள்: அனுமதிக்கப்பட்ட சிறு இனங்களில் ஒரு நாய்; 2024 செப்டம்பர் முதல் உரிமத்தோடு இரண்டு பூனைகள் வரை. பூனைக்கு ஜன்னலில் வலை போடுங்கள். நாயோடு நடக்கும்போது ஒரு பையும் ஒரு சின்னப் புட்டித் தண்ணீரும் எடுத்துப்போங்கள். தூண்களின் அடியில் அது சிறுநீர் கழித்தால் உடனே ஊற்றிவிடலாம். மின்தூக்கியில் நாயைக் கண்டு ஒதுங்குபவர் இருந்தால் அடுத்ததில் போங்கள்.

மின்தூக்கி என்றதும் ஒரு பழைய கதை. 1980களில் மின்தூக்கிக்குள் சிறுநீர் கழிப்பவர்களைப் பிடிக்க ஒரு கருவியைப் பொருத்தினார்கள். ஈரம் பட்டதும் மணி அடிக்கும், கதவு பூட்டிக்கொள்ளும், ஆள் வரும்வரை உள்ளே இருப்பவர் வெளியே வர முடியாது. கம்போங் எனப்படும் சிற்றூர்களிலிருந்து மாடிக்கு வந்த தலைமுறையும் இப்படியெல்லாம் தடுமாறித்தான் பழகியது என்பதை நினைத்தால், என் வாளித் தண்ணீரை நானே மன்னித்துக்கொள்ள முடிகிறது.

மனத்தாங்கல் வந்தால்

முதலில் நேரில், பகலில், இருவரும் கோபமாக இல்லாத நேரத்தில் பேசுங்கள். இரவு பதினொரு மணிக்குச் சுவரைத் தட்டுவது பேச்சு அல்ல. கதவில் குறிப்பு ஒட்டுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்; எழுத்தில் நம் குரலின் மென்மை போய்விடுகிறது, வந்து போகிறவர்கள் எல்லாரும் அதைப் படிக்கிறார்கள். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் படத்தைப் போடுவது அதைவிட மோசம். "பாட்டுச் சத்தம் பத்து மணிக்கு மேல் படுக்கையறையில் கேட்கிறது, ஒலிபெருக்கியைச் சுவரிலிருந்து தள்ளி வைக்க முடியுமா?" என்பதைப் போல, எதிராளியால் செய்யக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். "நீங்கள் எப்போதும் இப்படித்தான்" என்பதை அவரால் எப்படிச் சரிசெய்ய முடியும்?

இரண்டு மூன்று முறை பேசியும் பயனில்லை என்றால், தேதி, நேரம், என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் குறிக்கத் தொடங்குங்கள். அடுத்த படி சமூக சமரச நிலையம். 1998 முதல் இயங்குகிறது. பயிற்சி பெற்ற தொண்டூழியர்கள் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசவைப்பார்கள். வழக்கறிஞர் வேண்டியதில்லை, உள்ளே பேசியது வெளியே போகாது. அதுவும் பலிக்காவிட்டால் 2015இல் அமைக்கப்பட்ட சமூகத் தகராறுத் தீர்வு நடுவர் மன்றம் இருக்கிறது. ஒரே கட்டடத்தில் அல்லது 100 மீட்டருக்குள் வசிப்பவர்களுக்கு இடையிலான தகராறுகளை அது விசாரிக்கும். 20,000 வெள்ளி வரை இழப்பீட்டுக்கும் உத்தரவிட முடியும். கடுமையான சத்தப் பிரச்சினைகளில் நேரடியாகத் தலையிடச் சமூக உறவுப் பிரிவு ஒன்றும் 2025இல் தெம்பனிஸ் வட்டாரத்தில் முன்னோட்டமாகத் தொடங்கியது. ஆனால் தீர்ப்புக்குப் பிறகும் அதே மின்தூக்கியில்தான் இருவரும் ஏறப்போகிறீர்கள். அதனால் நடுவர் மன்றம் வரை போனவர்களில் வென்றவர்களிடமும் பெரிய மகிழ்ச்சியை நான் பார்த்ததில்லை.

காலி செய்யும்போது

வீடு மாறும் வாரத்தில்தான் நல்லவர்களும் கீழ்த்தளத்தில் சோபாவை விட்டுவிட்டு ஓடுகிறார்கள். காலி செய்யும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே நகர மன்றத்தில் பெரிய பொருள்களுக்கு நாள் கேட்டு வாங்கிவிடுங்கள். சாமான் ஏற்றும்போது மின்தூக்கியைப் பிடித்து வைப்பது எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று மாடிக்காரர்களிடம் சொல்லுங்கள். சக்கர நாற்காலியில் மருத்துவமனைக்குப் போக வேண்டியவர் யாராவது அன்றைக்கு இருக்கலாம்.

அடுத்து வருபவர்களுக்கு ஒரு தாளில் எழுதிச் சமையலறையில் வைத்துவிட்டுப் போங்கள். குப்பைக் குழாய் எந்த அளவுப் பைக்கு மேல் திணறும், குளியலறைத் தரையில் எந்த மூலையில் பூச்சு உதிர்கிறது, மேல் வீட்டில் யார் இரவு வேலைக்குப் போகிறார், துப்புரவாளர் பெயர் என்ன. ஏழாவது மாடி வீட்டைவிட்டு நான் கிளம்பியபோது அந்தத் தாளின் முதல் வரியாக எழுதியது: தாழ்வாரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் மாப் இருக்கிறது.